வலிப்பு மருந்தை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. வால்ப்ரோயேட் சிரப் கொடுத்து வருகிறோம், கடைசியாக ஃபிட்ஸ் வந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த மருந்து உடம்பிலுள்ள ஆன்டிஆக்ஸிடன்ட் என்சைம்களைக் கெடுக்கும் என்று எங்கோ படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. மாமியார் நிறுத்தச் சொல்கிறார். டானிக் ஏதாவது கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: முதலில் இன்றைய ராத்திரி டோஸைக் கொடுத்துவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நீங்கள் படித்தது முழுப் பொய்யும் இல்லை. உடம்பில் உண்டாகும் ஃப்ரீ ராடிகல்களை (செல்களைக் கெடுக்கும் நிலையற்ற மூலக்கூறுகளை) அடக்க சூப்பராக்சைடு டிஸ்ம்யூட்டேஸ், குளூட்டாதியோன் பெராக்சிடேஸ், கேட்டலேஸ் என்று சில என்சைம்கள் இருக்கின்றன. வால்ப்ரோயேட் சாப்பிடும் குழந்தைகளின் ரத்தத்தில் இவற்றை அளந்து பார்த்தவர்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை. ஒரு ஆய்வில் குறைந்திருக்கிறது, இன்னொன்றில் கூடியிருக்கிறது, வேறொன்றில் பெரிய வித்தியாசமே இல்லை, அதிலும் பல ஆய்வுகள் சில பத்துக் குழந்தைகளை மட்டும் வைத்துச் செய்தவை. கூடினால் நல்லதா என்றால் அதுவும் உறுதியில்லை, உடம்பு சமாளிக்கப் போராடுவதால்கூட கூடலாம். இதையெல்லாம் பரப்புகிறவர்கள் ஒன்றை மட்டும் சொல்வதில்லை: வலிப்பு வரும்போதே மூளையில் ஃப்ரீ ராடிகல் எகிறும். மருந்தை நிறுத்தி அதைத் தடுக்க முடியுமா, சொல்லுங்கள்.

டானிக் வேண்டாம். அந்த என்சைம்களுக்குச் செலினியம், துத்தநாகம், செம்பு எல்லாம் தேவைதான், ஆனால் முட்டை, மீன், பருப்பு ஒழுங்காகச் சாப்பிடும் பையனுக்குத் தனியாக வாங்கி ஊற்ற அவசியமில்லை. செலினியம் அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும்.

இந்த மருந்தில் நிஜமாகக் கவனிக்க வேண்டியது கல்லீரல் பாதிப்பு. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகள், பல வலிப்பு மருந்துகளைச் சேர்த்து எடுப்பவர்கள், மைட்டோகாண்ட்ரியா நோய் (செல்லுக்குச் சக்தி தரும் பகுதியில் வரும் கோளாறு) உள்ளவர்கள், இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். உங்கள் மகனுக்கு அது குறைவு, ஆனால் விடாத வாந்தி, சோர்ந்து படுத்தே கிடப்பது, சாப்பாட்டை ஒதுக்குவது, கண் மஞ்சளாவது, கடும் வயிற்றுவலி, அடங்கியிருந்த ஃபிட்ஸ் திரும்ப வருவது, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். டாக்டர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

மருந்தை எப்போது நிறுத்துவது என்ற பேச்சு பொதுவாக இரண்டு வருடம் ஃபிட்ஸ் இல்லாமல் இருந்த பிறகுதான் வரும், அப்போதும் டாக்டர் டோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார். அடுத்த தடவை போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள், அவரே நேரில் கேட்டுக்கொள்ளட்டும்.