அரிசி இருக்கிறது, குழம்புக்கு என்ன வழி?

கேள்வி: எங்கள் பகுதியில் குடியிருப்போர் சிலர் சேர்ந்து சமுதாயக் கூடத்தில் ஓர் உணவு வங்கி நடத்துகிறார்கள். மாதாமாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அளவுக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். என்ன கொடுப்பது என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "தானம் என்றால் அரிசிதான், ஒரு சிப்பம் வாங்கிப் போட்டுவிடு" என்கிறார் அத்தை. "பணமாகக் கொடுத்துவிடு, வேலை முடிந்தது" என்கிறார் கணவர். எனக்கோ, வீட்டில் சும்மா கிடக்கும் தீபாவளிப் பரிசுப் பெட்டிகள், ஓட்ஸ், பாஸ்தா, பிரிக்காத குழந்தைப் பால் பவுடர் டின்கள், நாங்கள் சமைக்காத ரேஷன் அரிசி இவற்றை முதலில் கொடுத்துவிடலாமே என்று தோன்றுகிறது. ஏற்காட்டில் ஒரு மலைக் கிராமத்துக்கும் இவர்கள் பொருள் கொண்டுபோகிறார்கள். அதற்குத் தனியாக யோசிக்க வேண்டுமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள், அதுவும் மாதாமாதம். ஒரே நாளில் வாரிக் கொடுத்துவிட்டு மறந்துபோவதைவிட, உணவு வங்கி நடத்துகிறவர்களுக்கு இதுதான் பெரிய பலம். அடுத்த மாதம் என்ன வரும் என்று தெரிந்தால்தான் எத்தனை குடும்பங்களுக்கு வாக்குக் கொடுக்கலாம் என்று அவர்களால் கணக்குப் போட முடியும்.

சரி, என்ன கொடுப்பது? கடைக்குப் போகும் முன் ஒன்றை விசாரித்துவிடுங்கள். அங்கே வாங்கிப் போகிறவர்கள் யார்? அடுப்பும் ரேஷன் அட்டையும் உள்ள குடும்பங்களா, அட்டை இல்லாமல் வாடகை அறையில் தங்கி வேலை செய்கிற வெளியூர்க்காரர்களா, பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வந்து வராந்தாவில் படுத்து எழுகிறவர்களா? கடைசியில் சொன்னவர்களுக்குப் பருப்பும் புளியும் கொடுத்து என்ன பிரயோஜனம்? பிரித்தவுடன் சாப்பிடுகிற மாதிரி ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம், கடலைமிட்டாய்தான் அவர்களுக்கு உதவும்.

சமுதாயக் கூடத்தில் நடப்பதால், பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் வீடு வைத்துச் சமைக்கிற குடும்பங்கள்தான் வருகின்றன என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அரிசி அட்டைதாரர்களுக்குத் தமிழ்நாட்டில் 2011 ஜூன் மாதத்திலிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. தட்டில் சோறு விழ அது வழி செய்துவிடுகிறது. இடிப்பது குழம்பில்தான். துவரம்பருப்பு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்கும் கொடுக்கிறார்கள். நல்ல உதவிதான். ஆனாலும் நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பருப்பை முப்பது நாளுக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் சொச்சம்தான் வருகிறது. உங்கள் வீட்டுச் சாம்பாருக்கு நீங்கள் அள்ளிப் போடுகிற பருப்பை நினைத்துப் பாருங்கள். மாதம் இருபதாம் தேதி தாண்டினால் பல வீடுகளில் சோறு இருக்கும், அதற்கு ஊற்றிக்கொள்ள புளியும் மிளகாயும் கரைத்த தண்ணீர்தான் இருக்கும். பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டும் சத்தில்லாமல் சோர்ந்து கிடப்பது இதனால்தான். எனக்கு இதுதான் மனதை மிகவும் உறுத்துகிற விஷயம்.

அதனால் உங்கள் பணத்தில் பாதிக்கு மேல் பருப்புக்கும் பயறுக்கும் ஒதுக்குங்கள். துவரம்பருப்பு மட்டுமே வாங்க வேண்டாம், பாசிப்பருப்பும் சேர்த்து வாங்குங்கள். குக்கர் இல்லாத வீட்டில் துவரம்பருப்பு வேக நேரம் பிடிக்கும், சிலிண்டர் கரையும். பாசிப்பருப்பு சீக்கிரம் குழைந்துவிடும். நம் பக்கத்து ஆட்களுக்குக் கொள்ளு பழக்கமானது. கொள்ளுப் பருப்பு, ரசம் என்று இரண்டு வேளைக்கு இழுத்துக்கொள்வார்கள். அப்புறம் நிலக்கடலை. வறுத்தும் தின்னலாம், சட்னியும் அரைக்கலாம், ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைக்கு ஒரு கை கொடுத்தால் தாங்கும். ஆனால் கடலை வாங்கும்போது ஒரு கை அள்ளி மோந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தாலோ, பருப்பில் பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை தெரிந்தாலோ அந்த மூட்டையே வேண்டாம். அந்தப் பூஞ்சை விடுகிற நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது, ஈரலைக் கெடுக்கும்.

மீதிப் பணத்தில் எண்ணெய், புளி, குழம்பு மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், அயோடின் உப்பு, ஒரு குளியல் சோப்பு. எண்ணெயை ஐந்து லிட்டர் கேனாக வாங்காமல் அரை லிட்டர் பாக்கெட்டாக வாங்கினால் அங்கே பிரித்துக் கொடுக்கிற வேலை மிச்சம், கலப்படச் சந்தேகமும் வராது. மிளகாய்த்தூளை யாரும் தானமாக நினைத்து வாங்குவதில்லை. ஆனால் அது இல்லாத வீட்டில் பருப்பு இருந்தும் குழம்பு வைக்க முடியாது.

சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசி கொடுக்க ஆசை வரும். நம் ஊர்ப் பெருமை, 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கியது. உடம்புக்கு முடியாதவர்களுக்குக் கஞ்சி வைக்கக் கொஞ்சம் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் அது மரவள்ளிக்கிழங்கு மாவு, ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. ஏற்கெனவே சோறு மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு அதையே இன்னொரு உருவத்தில் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இப்போது உங்கள் வீட்டு அலமாரிக்கு வருகிறேன். முதலில் அந்தப் பால் பவுடர் டின்கள். அவற்றைக் கொடுக்காதீர்கள். குழந்தைப் பால் பவுடர், பால்புட்டி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான டின் உணவு எதையும் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்குத் தவிர யாருக்கும் நன்கொடையாகக் கொடுக்கக் கூடாது என்று 1992-ல் வந்த மத்தியச் சட்டம் சொல்கிறது. நல்ல மனதோடு கொடுக்கிற பலருக்கும் இது தெரிவதில்லை. சட்டம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்றால், இலவச டின் வீட்டுக்குள் வந்ததும் தாய் பால் கொடுப்பது குறைகிறது, குறையக் குறையத் தாய்க்குப் பால் சுரப்பதும் வற்றுகிறது. டின் தீர்ந்த பிறகு அடுத்த டின் வாங்கக் காசு இருக்காது. பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள், அந்தத் தண்ணீரும் சுத்தமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும். கைக்குழந்தைக்காரிக்கு உதவ வேண்டுமென்றால் அவளுக்குச் சாப்பாடு கொடுங்கள். பருப்பு, கடலை, முட்டை, வெல்லம் அவள் வயிற்றுக்குப் போகட்டும்.

தீபாவளிப் பெட்டிகளில் தேதி தாண்டாத, பிரிக்காத பருப்பு வகை, பிஸ்கட் இருந்தால் கொடுங்கள். இனிப்புப் பெட்டி பழசாகியிருந்தால் குப்பைக்குத்தான். ஓட்ஸையும் பாஸ்தாவையும் நீங்களே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, அதனால் மிச்சமாகிற பணத்தில் பருப்பு வாங்கிக் கொடுப்பது நல்லது. பாஸ்தாவை என்ன செய்வது என்று தெரியாத பாட்டி அதை வாங்கிக்கொண்டு போவார், வேண்டாம் என்று சொல்லச் சங்கடப்பட்டு. அந்தச் சங்கடத்தை நாம் அவருக்குக் கொடுக்கக் கூடாது.

ரேஷன் அரிசியை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பதும் வேண்டாம். வாங்குகிறவர் வீட்டிலும் அதே அரிசிதான் இருக்கிறது. உங்களுக்குத் தேவையில்லை என்றால் அட்டையைச் சர்க்கரை அட்டையாகவோ பொருளில்லா அட்டையாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றை மறுநாள் காலை உணவு வங்கிக்குக் கொண்டுபோகிற வழக்கம் வேண்டவே வேண்டாம். வெந்த சோற்றிலும் பிழைத்துக் கிடக்கிற ஒரு வகைக் கிருமி வித்து உண்டு. சோறு அறைச் சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அது பெருகி நஞ்சு விடும், திரும்பச் சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சமைத்ததைக் கொடுப்பதானால் பந்தி நடக்கும்போதே சொல்லி அனுப்பி, சூடு ஆறும் முன் சாப்பிடுகிறவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையிலோ லீ பஜாரிலோ மூட்டையாக எடுக்கிறவர்களுக்குக் கிடைக்கிற விலை, தெருக்கடையில் அரைக்கிலோவாக வாங்குகிற நமக்குக் கிடைக்காது. உணவு வங்கிக்காரர்கள் மொத்தமாக வாங்குகிறார்கள், வரவு செலவை எழுதிக் காட்டுகிறார்கள் என்றால் பணமாகவே கொடுங்கள், "இது பருப்புக்கு" என்று சொல்லிக் கொடுங்கள். முட்டைக்கும் பணம்தான் சரி. பக்கத்திலேயே நாமக்கல் இருக்கிறது, நமக்கு முட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூடத்தில் அடுக்கிவைத்தால் உடையும், வெயிலில் கெட்டுப்போகும். அந்தந்தத் தெரு மளிகைக் கடையில் பணம் கட்டிவிட்டு, குடும்பங்களுக்குச் சீட்டுக் கொடுத்து வாங்கிக்கொள்ளச் செய்யலாம் என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

எப்போது கொடுப்பது என்பதையும் யோசியுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு எல்லாரும் கொடுப்பார்கள், கூடத்தில் வைக்க இடம் இருக்காது. மே மாதத்தில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் சிற்றுண்டி, மதியம் முட்டையோடு சாப்பாடு பள்ளியிலேயே கிடைத்துவிடுகிறது. கோடை விடுமுறையில் அந்த இரண்டு வேளையும் வீட்டுத் தலையில் விழுகிறது. ஜூனில் நோட்டு, பை, செருப்புச் செலவு வேறு. வருஷத்தில் ஏதாவது ஒரு மாதம் கூடுதலாகக் கொடுக்க முடியுமென்றால் அது மே மாதமாக இருக்கட்டும். மற்ற மாதங்களில் முதல் தேதிக்குப் பதிலாக இருபதாம் தேதியை ஒட்டிக் கொடுங்கள்.

ஏற்காட்டுக்குத் தனியாக யோசிக்கத்தான் வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. விறகடுப்பில் திறந்த பாத்திரத்தில் வேகவைக்கிறவர்களுக்கு இங்கே வேகிற பருப்பே அங்கே கூடுதல் நேரம் பிடிக்கும். கொண்டைக்கடலை, ராஜ்மா எல்லாம் பெரும் பாடு. பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை, அவல் இவைதான் மலைக்கு ஏற்றவை. அடுத்தது ஈரம். மழையும் மூடுபனியும் பிடித்துக்கொண்டால் உப்பு நீர்த்துவிடும், மாவு கட்டி தட்டும், மிளகாய்த்தூளில் பூஞ்சை விழும். அதனால் தூள் வகைகளைச் சிறு சிறு பாக்கெட்டாக வாங்கி, மேலே இன்னொரு தடித்த கவரில் போட்டுக் கட்டிக் கொடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுகிற வண்டியில் கண்ணாடிப் பாட்டில் வேண்டாம். எண்ணெய்ப் பாக்கெட்டுகளை அட்டைப் பெட்டியில் நிற்கவைத்து அடுக்கச் சொல்லுங்கள்.

மலையில் பலருக்கு எஸ்டேட் கூலிதான் வருமானம். காப்பிப் பழம் பறிக்கிற கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வேலை இருக்கும். மழை நாட்களில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அந்த மாதங்களில் மலைக்குப் போகிற பங்கைக் கூட்டச் சொல்லுங்கள். சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் அந்த மலைமக்களின் பழைய சாப்பாடு. அரிசியா, கேழ்வரகா என்று அவர்களையே கேட்டுக் கொண்டுபோனால் அவர்கள் ஆசைப்பட்டது கிடைக்கும்.

அத்தையின் சிப்பத்துக்கும் இடம் இருக்கிறது. ரேஷன் அட்டை இல்லாதவர்கள், அட்டையில் பேர் சேராத புது மருமகள் உள்ள வீடு, இங்கே வாங்க முடியாமல் திண்டாடுகிற வெளியூர்த் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டு, அவர்களுக்கென்று வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை நல்ல புழுங்கல் அரிசி கொடுங்கள். வடக்கேயிருந்து வந்தவர்களாக இருந்தால் அதில் பாதியைக் கோதுமை மாவாக மாற்றிக்கொள்ளலாம். மாதச் சாமான் எடுக்கப் போகும்போது அத்தையையும் செவ்வாய்ப்பேட்டைக்குக் கூட்டிப் போங்கள். பருப்பைக் கையில் அள்ளியதுமே பழசா புதுசா, வண்டு விழுந்ததா என்று சொல்கிற அனுபவம் அவரிடம் இருக்கும். உணவு வங்கிக்கு நீங்கள் எடுக்கிற பருப்பை அவரே பார்த்து எடுக்கட்டும்.