தள்ளும் டிரெய்லர் திருப்பத்தில் வழுக்குவது பற்றி

வணக்கம். காசிமேட்டிலிருந்து மீன்பெட்டி ஏற்றிவரும் உங்கள் சைக்கிளை மோட்டார் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போது, திருப்பத்தில் பின்சக்கரம் வழுக்குவதாக எழுதியிருந்தீர்கள். நேராகப் போகையில் முன்னோக்கியே செல்லும் விசை, வண்டி வளையும்போது பக்கவாட்டிலும் தள்ளுகிறது. இணைப்புக் கொக்கி சீட்டுக் கம்பியில் உயரமாக இருப்பதால் சைக்கிளைச் சாய்க்கவும் செய்கிறது. கொக்கியைப் பின்சக்கர அச்சின் உயரத்துக்கு இறக்கி, பேட்டரியை டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். பிரேக் பிடித்தவுடன் மோட்டார் நிற்கும்படி இரண்டு லீவர்களிலும் கட்-ஆஃப் சுவிட்ச் பொருத்தாமல், கன்டெய்னர் லாரிகள் உரசிச் செல்லும் எண்ணூர் விரைவுச் சாலையில் தயவுசெய்து இறங்காதீர்கள். 1000 வாட் மோட்டார் வேண்டாம். மொத்தம் 200 கிலோவை, 100க்கு 3 என்ற ஏற்றத்தில், மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏற்ற ஏறத்தாழ 165 வாட்டே தேவை, உருளும் உராய்வுக்குச் சிறிது சேர்த்தாலும் 250 வாட் போதும்.