நாக்கு ஒட்டியிருக்கிறது: இப்போதே வெட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு 24 நாள் ஆகிறது. பிறந்தபோது எடை 2.9 கிலோ, இப்போது 3 கிலோ. நாக்கின் அடியில் சவ்வு ஒட்டியிருக்கிறது. பால் குடிக்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. எனக்கு காம்பு வெடித்துப் புண்ணாகிவிட்டது. ஒரு டாக்டர் கத்தரியால் வெட்டலாம் என்கிறார், இன்னொருவர் லேசர் நல்லது என்கிறார். மாமியாரோ, பேச்சு வரும் வயதில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: புண்ணோடு ஒவ்வொரு முறையும் பால் கொடுப்பது எவ்வளவு வேதனை என்பது எனக்குத் தெரியும். முதலில் எடையைப் பார்ப்போம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்ப வந்து, அப்புறம் நாளுக்கு 25–30 கிராம் ஏற வேண்டும். உங்கள் மகனுக்கு அது குறைவு. ஆகவே இந்த வாரமே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாக்கு ஒட்டியிருக்கும் எல்லாக் குழந்தைக்கும் வெட்டு தேவையில்லை. பலர் நன்றாகவே குடிக்கிறார்கள். நாக்கு எப்படித் தெரிகிறது என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது, பால் குடிப்பதை வைத்துத்தான் எடுக்க வேண்டும். குழந்தையைப் பிடிக்கும் முறை, வாயை அகலத் திறந்து மார்பைக் கவ்வும் முறை இவற்றைத் தாய்ப்பால் ஆலோசகர் நேரில் பார்த்துத் திருத்த வேண்டும். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் வெட்டத் தயங்காதீர்கள்.

இந்த வயதில் அது சின்ன வேலைதான். குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடித்து, நாக்கைத் தூக்கி, நுனி மழுங்கிய கத்தரியால் மெல்லிய சவ்வை மட்டும் வெட்டுவார்கள். முழு மயக்கமும் வேண்டாம், தையலும் வேண்டாம். பொதுவாக ஓரிரு சொட்டு ரத்தம்தான் வரும். உடனே பால் கொடுக்கலாம். பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் உண்டா என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டில் நகத்தாலோ பிளேடாலோ யாரும் கைவைக்கவே கூடாது. எச்சில் சுரப்பியின் வாய் அங்கேதான் இருக்கிறது.

லேசர் கத்தரியைவிடச் சிறந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பச்சிளம் குழந்தைக்கு அதற்காகக் கூடுதல் பணம் செலவழிக்க வேண்டாம் என்பேன். சவ்வு தடிமனாக இருந்தாலோ, குழந்தை வளர்ந்துவிட்டாலோ மயக்கம் கொடுத்து, சவ்வைப் பிரித்துத் தையல் போடும் அறுவை தேவைப்படலாம்.

பேச்சு பற்றி மாமியார் கவலைப்படுவது இயல்புதான். ஆனால் நாக்கு ஒட்டு பேச்சைத் தாமதப்படுத்துகிறது என்பதற்கும், இப்போது வெட்டினால் பின்னால் பேச்சு தெளிவாக வரும் என்பதற்கும் நல்ல ஆதாரம் கிடையாது. இப்போது பார்க்க வேண்டியது பால்தான்.

வெட்டிய இடத்தில் சில நாள் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ படலம் தெரியும். அது சீழ் அல்ல. ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். விரலால் புண்ணைத் தேய்க்கச் சொன்னால் கேட்காதீர்கள், அதனால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை, குழந்தைக்கு வலிதான். சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அதே தராசில் ஒரு வாரம் கழித்து எடை பாருங்கள்.