விடுதிறன் மட்டும் போதுமா? மின்தேக்கிப் பொருள்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பேரியம் டைட்டனேட் என்ற செராமிக்கின் விடுதிறன் (மின்புலத்தில் மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) பாலிபுரொப்பிலீன் என்ற நெகிழியைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகம் என்கிறார்கள். அப்படியிருந்தும் உயர் மின்னழுத்த மின்தேக்கிகளில் ஏன் இன்னும் பாலிபுரொப்பிலீன் படலத்தையே சுற்றுகிறார்கள்?

பதில்: ஒரு கன அளவில் தேங்கும் ஆற்றல் விடுதிறனுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது, ஆனால் மின்புலத்தின் இருமடிக்கும் அது நேர்விகிதம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாலிபுரொப்பிலீனின் ஒப்புமை விடுதிறன் 2.2 மட்டுமே, ஆனால் நன்கு இழுத்து நீட்டிய படலம் ஒரு மைக்ரோமீட்டருக்கு 600 வோல்ட் வரை தாங்கும் என்பதால், கன சென்டிமீட்டருக்குச் சுமார் 3.5 ஜூல் தேறுகிறது. பேரியம் டைட்டனேட்டுக்கு விடுதிறன் 2000 என்றே வைத்துக்கொண்டாலும், வழக்கமான கனத்த செராமிக் வில்லை மைக்ரோமீட்டருக்கு 10 வோல்ட் அளவிலேயே முறிந்துவிடும் (மின்காப்பு உடைந்து மின்சாரம் பாய்ந்துவிடும்), கிடைப்பது 0.9 ஜூல். அதுவும் புலம் ஏறும்போது விடுதிறன் குறையாது என்று தாராளமாக எடுத்துக்கொண்ட கணக்கு.

முறிவு என்பது பொருளின் சராசரிக் குணம் அன்று. அதன் மிக நலிந்த இடம் எதுவோ அதுவே தீர்மானிக்கிறது. செராமிக்கில் அந்த இடம் பெரும்பாலும் ஒரு நுண்துளையாகவோ அளவுக்கு மீறி வளர்ந்த ஒரு படிகமணியாகவோ இருக்கும். ஆகவே மணிகளைச் சிறிதாக்கி, துளையின்றி இறுக்கிச் சுட்டெடுப்பது, புதிய வேதிச் சேர்மம் ஒன்றைத் தேடுவதைவிடப் பல வேளைகளில் அதிகப் பலன் தரும். இது வெளியே பேசப்படுவதைவிட முக்கியமானது என்பது என் கருத்து.

கேள்வி: 10 மைக்ரோஃபாரட் என்று குறித்த செராமிக் மின்தேக்கி ஒன்று, அதற்குரிய முழு மின்னழுத்தத்தை ஏற்றியபோது, குறித்த மதிப்பில் பாதியைக் கூடக் காட்டவில்லை. பொருள் பழுதா?

பதில்: பழுதில்லை. பேரியம் டைட்டனேட்டை அடிப்படையாகக் கொண்ட சிறிய பல்லடுக்கு மின்தேக்கிகளில் பாதிக்கும் கீழே இறங்குவது சாதாரணம். புலம் கூடக்கூட, பொருளுக்குள் இருக்கும் இருமுனைகள் (ஒரு முனையில் நேர், மறுமுனையில் எதிர் மின்னூட்டம் கொண்ட நுண் அமைப்புகள்) ஒரே திசையில் திரும்பி நிரம்பிவிடுவதால், மேலும் ஏற்றும் வோல்ட்டுக்குப் புதிதாகச் சேரும் மின்னூட்டம் குறைகிறது. குறித்த மதிப்பை வைத்துக்கொண்டு ஆற்றலைக் கணக்கிட்டால் விடை மிகையாகவே வரும்.

கேள்வி: பிவிடிஎஃப் (பாலிவினைலிடீன் ஃபுளோரைடு) பாலிமரில் பேரியம் டைட்டனேட் நானோதுகள்களைக் கலந்து படலம் செய்தேன். விடுதிறன் மூன்று மடங்கானது, முறிவுப் புலம் பாதியானது. இதை முன்னேற்றம் என்று எழுதலாமா?

பதில்: எழுத முடியாது. விடுதிறன் மூன்று மடங்கு, புலத்தின் இருமடி நான்கில் ஒன்று. பெருக்கினால் முக்கால் பங்குதான் மிஞ்சுகிறது. துகள் சேர்க்காத பாலிமரே மேல்.

காரணத்தைத் துகளின் அருகே போய்ப் பார்க்க வேண்டும். விடுதிறன் மிக உயர்ந்த ஒரு கோளத்தைத் தாழ்ந்த விடுதிறனுள்ள பாலிமரில் பதித்தால், துகளுக்குள் புலம் நலிந்து, புலத்தின் திசையில் அமைந்த அதன் இரு முனைகளை ஒட்டிய பாலிமரில் ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்கிறது. அதாவது ஆற்றலைத் தாங்கட்டும் என்று நீங்கள் சேர்த்த துகள் ஒதுங்கிக்கொள்ள, பாலிமர்தான் சுமையை ஏற்கிறது. துகள்கள் திரண்டு கட்டியாகிவிட்டால் இன்னும் மோசம். கட்டிக்குள் காற்றும் சிக்கிக்கொள்ளும். பாஸ்போனிக் அமிலம் போன்றவற்றால் துகளின் மேற்பரப்பை இணக்கப்படுத்துவது, அலுமினா போன்ற இடைப்பட்ட விடுதிறன் கொண்ட உறையை அதற்குப் போர்த்துவது, சேர்க்கும் துகளின் பங்கைச் சில விழுக்காட்டோடு நிறுத்துவது ஆகியவை பயன் தரும். போரான் நைட்ரைடுத் தகடுகளை மின்வாய்களுக்கு இணையாகப் படுக்கவைத்தால், விடுதிறன் அவ்வளவாகக் கூடாவிட்டாலும், முறிவுப் பாதை தகட்டைச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் முறிவுப் புலம் உயர்கிறது. நான் முதலில் இதையே முயன்று பார்க்கச் சொல்வேன். அதற்கும் முன்னால், படலத்தில் கரைப்பான் எச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். வெற்றிடத்தில் சரியாக உலர்த்தாத படலம் எந்தத் துகளையும் குற்றவாளியாக்கிவிடும்.

கேள்வி: ரிலாக்ஸர், எதிர் ஃபெர்ரோமின் பொருள் ஆகிய இரு மின்தேக்கிப் பொருள் வகைகளில் எதற்கு எதிர்காலம்?

பதில்: இரண்டும் ஒரே குறையைத் தீர்க்க வந்தவை. சாதாரண ஃபெர்ரோமின் பொருளில் புலத்தை நீக்கிய பின்னும் முனைவாக்கம் (இருமுனைகள் ஒரே திசையில் நிற்பது) எஞ்சி நிற்பதால், ஏற்றிய ஆற்றலில் பெரும்பகுதி திரும்பி வராமல் தயக்கக் கண்ணிக்குள் (ஏற்றும் கோட்டுக்கும் இறக்கும் கோட்டுக்கும் இடையே வரைபடத்தில் விழும் பரப்பு) வெப்பமாகிவிடுகிறது. லெட் சிர்க்கோனேட், சில்வர் நியோபேட் போன்ற எதிர் ஃபெர்ரோமின் பொருள்களில் அடுத்தடுத்த இருமுனைகள் எதிரெதிராக நிற்பதால் எச்சம் ஏறத்தாழச் சுழி. ஆனால் குறிப்பிட்ட புலத்தில் அவை திடீரென ஒரே திசைக்குத் திரும்பும்போது கன அளவும் மாறுவதால், பலமுறை ஏற்றி இறக்கினால் விரிசல் விழும் ஆபத்து உண்டு. ரிலாக்ஸரில் வேற்று அயனிகளைப் புகுத்தி, நீண்ட ஒழுங்கைச் சில நானோமீட்டர் தீவுகளாக உடைத்துவிடுகிறார்கள். அவை எளிதில் திரும்பி எளிதில் மீள்வதால் கண்ணி ஒடுங்குகிறது. அடிக்கடி ஏற்றி இறக்கும் பணிக்கு நான் ரிலாக்ஸரையே தேர்வேன். 90 விழுக்காடு திறன் (ஏற்றிய ஆற்றலில் அவ்வளவு திரும்பி வருவது) என்பது கேட்க நன்றாக இருக்கும். கன சென்டிமீட்டருக்கு 1 ஜூலை நொடிக்கு ஆயிரம் முறை ஏற்றி இறக்கினால், இழக்கும் பத்து விழுக்காடே அந்தச் சிறு துண்டுக்குள் 100 வாட் வெப்பம்.

கேள்வி: 150 டிகிரி செல்சியஸில் இயங்கும் படலம் வேண்டும். பாலிஈதர்இமைடு என்ற பாலிமர் போதுமா?

பதில்: பாலிபுரொப்பிலீன் 105 டிகிரியைத் தாண்டினால் பயன்படாது. பாலிஈதர்இமைடின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (இறுக்கம் தளர்ந்து மென்மையாகும் நிலை) 217 டிகிரி என்பதால் அது உருக்குலையாமல் நிற்கும். ஆனால் உருவம் நிற்பதும் மின்காப்பு நிற்பதும் வேறு வேறு. வெப்பமும் புலமும் சேர்ந்து உயரும்போது கசிவு மின்னோட்டம் வேகமாகப் பெருகுகிறது. வெப்பம் தாங்கவைக்கும் வளைய அமைப்புகளே ஆற்றல் இடைவெளியை (மின்னணு விடுபட்டு நகரத் தேவையான ஆற்றலை) குறைத்து மின்னணுக்களுக்கு வழிவிடுவதுதான் இதிலுள்ள சிக்கல். தகவல் ஏட்டில் அறை வெப்பநிலை எண்ணை விட்டுவிட்டு, 150 டிகிரியில் அளந்த ஏற்ற இறக்கத் திறனைத் தேடுங்கள்.

கேள்வி: இந்த மின்தேக்கிகள் பேட்டரிக்கு மாற்றாகுமா?

பதில்: ஆகாது. கன சென்டிமீட்டருக்கு 5 ஜூல் என்பது லிட்டருக்கு 1.4 வாட் மணி. லித்தியம் அயனி மின்கலம் லிட்டருக்குச் சில நூறு வாட் மணி தருகிறது. ஆற்றலை மைக்ரோநொடிகளில் கொட்ட வேண்டிய இடத்தில் மட்டும் மின்தேக்கியைக் கேளுங்கள்.