எந்த பி.எஸ்சி. என்று முதலில் கேள், மகளே

கேள்வி: ஒன்றாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். எங்கள் டீச்சரைப் போல ஹைஸ்கூலில் அறிவியல் நடத்த வேண்டும் என்பது ஆசை. பக்கத்து டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. பயோடெக்னாலஜிக்கு இடம் தருகிறார்கள். “எந்த டிகிரியா இருந்தா என்ன, அப்புறம் பி.எட். முடிச்சா டீச்சர்தானே” என்கிறார் மாமா. அரசுக் கல்லூரியில் தாவரவியல் தமிழ்வழி கிடைக்கும், ஆனால் தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும். நான்கே வருடத்தில் பி.எஸ்சி. பி.எட். சேர்த்தே படிக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். எதில் சேர?
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

மாமா மேல் கோபப்படாதே, பாதி ஊர் அப்படித்தான் நம்புகிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நம்பிச் சேர்ந்து, ஐந்து வருடம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் கலங்கி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் இருக்கும், பி.எட். இருக்கும், டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் இருக்கும். பட்டத்தின் பெயர்தான் அறிவிக்கையில் இருக்காது.

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை நடத்துகிறவர் பட்டதாரி ஆசிரியர். ஆசிரியர் தேர்வு வாரியம் இந்தப் பணிக்கு ஆள் எடுக்கும் பாடங்கள் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல். அவ்வளவுதான். பயோடெக்னாலஜி இதில் இல்லை. சில புதுப்பெயர்ப் பட்டங்களைப் பழைய பாடத்துக்கு இணையானவை என்று அரசாணை போட்டு ஏற்றிருக்கிறார்கள், உண்மை. அப்படி ஓர் ஆணை இருக்கிறது என்று கல்லூரியில் சொன்னால், அதன் எண்ணையும் தேதியையும் எழுதித் தரச் சொல். தர மாட்டார்கள் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடு. இதே சிக்கல் பொருளாதாரம், வணிகவியல் எடுக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு. அவர்கள் முதுகலை முடித்தால்தான் இங்கே பி.எட். சேரவே முடியும். அந்த வழி பிளஸ் ஒன், பிளஸ் டூ நடத்தும் முதுகலை ஆசிரியர் பணிக்குப் போகிறது.

அடுத்தது, உன் கடிதத்தில் நீ போகிற போக்கில் எழுதியிருக்கிற ‘தமிழ்வழி’. அதன் விலை உனக்குத் தெரியவில்லை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நேரடி நியமனங்களில் 20 சதவீதத்தை முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் அதைத் திருத்தி, பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும் என்றார்கள். நீ 12 வருடச் சங்கிலியைக் கையில் வைத்திருக்கிறாய். இளங்கலையும் பி.எட்.டும் தமிழ்வழியில் முடித்தால் சங்கிலி முழுசு. நடுவில் ஒன்று ஆங்கிலவழி ஆனாலும் அறுந்துவிடும்.

நான் தலைமையாசிரியையாக இருந்த கடைசி வருடங்களில் தமிழ்வழியில் படித்ததற்கான சான்றுக்காகவே ஆட்கள் வருவார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். எங்கள் பள்ளியில் மூன்று வருடம் படித்தவள். பீரோவின் அடித்தட்டிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, கரையான் அரித்த ஓரங்களைத் தட்டிவிட்டு, இருவருமாக விரல் வைத்துத் தேடினோம். பெயர் கிடைத்தது, பயிற்றுமொழி என்ற கட்டம் மட்டும் காலி. அதைச் சரிசெய்ய அவள் எத்தனை முறை அலைந்தாள் என்பது எனக்குத்தான் தெரியும்.

சரி, நான்கு வருடப் படிப்பு. நல்ல படிப்புதான். பட்டம் மூன்றும் பி.எட். இரண்டுமாக ஐந்து வருடம் ஆவதில் ஒன்று மிச்சம். மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் மைசூர் மண்டலக் கல்வி நிறுவனத்தில் பல காலமாகவே பி.எஸ்சி. பி.எட். இருக்கிறது, தென் மாநிலங்களுக்கெல்லாம் அதுதான். இப்போது ‘ஐடெப்’ (ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டம்) என்ற பெயரில் மற்ற இடங்களிலும் வந்திருக்கிறது. சேர்வதற்கு என்.சி.இ.டி. என்ற நுழைவுத்தேர்வு. 2025-இல் மார்ச் மாதத்தோடு விண்ணப்பத்தை முடித்துவிட்டார்கள், பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை காத்திருந்தவர்களுக்கு வழியே இல்லை. மத்திய அரசுப் பள்ளியான கேந்திரிய வித்யாலயா உன் இலக்கு என்றால் ஒரு வருடம் காத்திருந்துகூட எழுது என்பேன். நீ கேட்பது நம்மூர் ஹைஸ்கூல். ஆங்கிலத்தில் படித்துத் தமிழ்வழி முன்னுரிமையை விடுவதற்கு, அந்த ஒரு வருட மிச்சம் ஈடாகாது. தனியார் கல்லூரி யாராவது ‘நாங்களும் நான்கு வருடம் தருகிறோம்’ என்றால், ஆசிரியர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் மத்திய அமைப்பான என்.சி.டி.இ.யின் ஆணையைக் கேள். கல்லூரிக்கு வரவே வேண்டாம், ஃபீஸ் கட்டினால் போதும் என்று பி.எட். விற்கும் ஏஜென்ட்டுகளும் உன்னைத் தேடி வருவார்கள். அவர்களிடம் வாதாடாதே, நேரம்தான் வீண்.

ஆகவே தாவரவியல் தமிழ்வழி, இரண்டு பஸ். துணைப்பாடமாக வேதியியல் கிடைத்தால் விடாதே. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், பஸ்ஸும் மகளிருக்கு இலவசமாக இருந்தால் அம்மாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை.

பட்டத்தில் எவ்வளவு மதிப்பெண் என்பதும் முக்கியம். பி.எட். சேரப் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் பிரிவினருக்கு 40 என்பது நடைமுறை. ஆனால் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் இடம் கொஞ்சம்தான், அங்கே குறைந்தபட்சம் போதாது.

தாவரவியல் படித்தால் தாவரவியல் மட்டும் நடத்தலாம் என்று நினைத்துக்கொள்ளாதே. பள்ளியில் அறிவியல் ஒரே பீரியட். பத்தாம் வகுப்பில் ஓம் விதியும் நீதான், ஒளிச்சேர்க்கையும் நீதான். டெட் இரண்டாம் தாளும் அப்படியே. 150 வினாக்களில் குழந்தை உளவியல் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, மிச்சம் 60-இல் அறிவியலோடு கணிதமும் கலந்திருக்கும். கணக்கைப் பார்த்து ஓடிய உயிரியல் பிள்ளைகள் விழுவது அங்கேதான். ஆறாம் வகுப்பிலிருந்து உள்ள கணக்கு, அறிவியல் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதே.

டெட் தேறினால் வேலை என்றும் எண்ணாதே. அது தகுதி மட்டும். அதற்குப் பிறகு தனியாகப் போட்டித்தேர்வு என்று 2018-இல் அரசாணை வந்தது. அந்தத் தேர்வுக்கு அறிவிக்கை வந்ததோ 2023 அக்டோபரில், 2,222 இடங்களுக்கு. இடையில் தேறியவர்கள் எல்லாம் காத்துக் கிடந்தார்கள். காத்திருக்கும் காலத்தில் முதுகலையும் முடித்துக்கொள், இரண்டு கதவைத் தட்டலாம்.

இன்னொன்று. உனக்கு நடத்தப் பிடிக்குமா என்பதை பி.எட். பயிற்சிக் காலத்தில் கண்டுபிடிக்கலாம் என்று விட்டுவிடாதே. அது மொத்தம் 20 வாரம் வரும், ஆனால் அப்போது ரொம்பத் தாமதம். என் முதல் பயிற்சி வகுப்பு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏழாம் வகுப்பு. பாடக்குறிப்பில் ஐந்து நிமிடம் என்று எழுதியதை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு, மேற்பார்வைக்கு வந்த அம்மா கடைசி பெஞ்சில் எழுதிக்கொண்டிருப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேர்த்துக் கொட்டியதில் சாக்பீஸ் கையில் குழைந்துவிட்டது. இந்த விடுமுறையிலேயே தெருப்பிள்ளைகள் நாலு பேரைத் திண்ணையில் உட்கார வைத்து பின்னம் சொல்லிக்கொடுத்துப் பார்.

டி.சி. வாங்கப் பள்ளிக்குப் போகும் அன்றே, படித்த தொடக்கப் பள்ளிக்கும் ஒரு எட்டுப் போய்விட்டு வா. பதிவேட்டில் உன் பெயர், பிறந்த தேதி, பயிற்றுமொழி மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, தமிழ்வழிச் சான்றை இப்போதே வாங்கி வை.