கார்டு ரீடர் சொல்லும் செக்டர் கணக்கு தப்பாக இருந்தால் டிரைவர் என்ன செய்யும்?

விண்டோஸில் ஒழுங்காக ஓடும் கார்டு ரீடர், லினக்ஸில் செருகியதும் தொங்கிவிடுகிறது, இது டிரைவரின் (சாதனத்தை இயக்கும் மென்பொருளின்) குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ரீடரின் குறைதான். ஆனால் அதைச் சமாளிக்கும் வேலை டிரைவரின் தலையில்தான் விழும்.

நாகர்கோவில் வடசேரியில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன ஆவணியில் தக்கலை ஸ்டூடியோ அண்ணாச்சி ஒருவர், கல்யாண வீடியோ இருந்த 16 ஜிபி கார்டோடு வந்தார். "மக்களே, கார்டு போச்சா? பொண்ணு வீட்டுக்காரங்க நாளைக்கு வந்து நிப்பாங்க" என்றார். அவருடைய ரீடரில் போட்டால் கர்னல் லாக்கில் (லினக்ஸின் மையப் பகுதி எழுதிவைக்கும் பதிவில்) 31116289 செக்டர், அதாவது தகவல் வைக்கும் சிறு கட்டங்கள். கடை ரீடரில் போட்டால் 31116288. கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொள்ளளவு எவ்வளவு என்று டிரைவர் கேட்கும் ரீட் கெப்பாசிட்டி கட்டளைக்கு, ரீடர் கடைசி செக்டரின் எண்ணைத்தான் பதிலாகத் தர வேண்டும். எண் 0-இல் தொடங்குவதால் அது மொத்தத்தைவிட ஒன்று குறைவு. அந்த ரீடர் மொத்தத்தையே தந்துவிட்டது. டிரைவர் நம்பி ஒன்றைக் கூட்டியது, இல்லாத ஒரு செக்டர் முளைத்தது. ரெய்டு (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) தகவல் இருக்கிறதா என்று பார்க்க லினக்ஸ் வட்டின் கடைசிப் பகுதியையும் வாசிக்கும். அங்கே கை வைத்ததும் ரீடர், பிழை என்று சொல்லாமல் அப்படியே உறைந்துபோனது.

இதற்கு யுஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூலின் (இந்த ரீடரை ஓட்டும் டிரைவரின்) குவர்க்ஸ் என்ற அமைப்பில் ரீடரின் வெண்டர் (தயாரிப்பாளர்) எண், புராடக்ட் (மாடல்) எண், கடைசியில் சிறிய 'சி' எழுத்து, இடையில் முக்காற்புள்ளிகள். இவ்வளவு கொடுத்தால் டிரைவர் ஒரு செக்டரைக் குறைத்துக்கொள்ளும். 'எச்' கொடுத்தால், எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் மட்டும் குறைக்கும்.

அப்படியானால் எல்லாச் சாதனத்துக்கும் ஒன்றைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். கூடவே கூடாது. ஒற்றைப்படை எண்ணிக்கை உள்ள அசல் வட்டுகளும் உண்டு. அவற்றில் குறைத்தால் கடைசி செக்டரில் இருக்கும் ஜிபிடி (பார்ட்டிஷன் அட்டவணை) நகல் கண்ணில் படாமல் போகும். அதனால்தான் கர்னலில் தப்புச் செய்யும் சாதனங்களுக்கென்று தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். எந்தப் பதிப்பு முதல் எந்தப் பதிப்பு வரை என்பது உட்பட ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு. தயாரிப்பாளர் பின்னால் திருத்திய ரீடரை அது தொடாது. எனக்கு மிகவும் பிடித்த ஒழுங்கு இது.

உங்கள் ரீடரிலும் குறைத்த பிறகு சரியாக ஓடினால், அதன் வெண்டர், புராடக்ட் எண்களையும் கர்னல் லாக்கையும் லினக்ஸ் யுஎஸ்பி பராமரிப்பாளர்களுக்கு அனுப்புங்கள். அதுவரை அந்த ரீடரில் வைத்துக் கார்டை பார்மேட் செய்யாதீர்கள். இல்லாத செக்டரையும் சேர்த்துப் பார்ட்டிஷன் போட்டுவிடும்.