மாடி வீட்டுக்காரர் மேல் கஞ்சா வழக்கு: காலி செய்யச் சொல்லலாமா?

கேள்வி: மூன்று வருடமாக எங்கள் மாடி போர்ஷனில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. கஞ்சா விற்றதாக அந்த வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்துப் போனது. இப்போது ஜாமீனில் வந்துவிட்டார். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பைக்கில் யார் யாரோ வந்து, மாடிப்படியில் நின்று எதையோ வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஃபியூஸைப் பிடுங்கினால் தானே போய்விடுவார்கள் என்கிறான் என் மகன். அவர் மனைவியையும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளையும் பார்த்தால் பாவமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாம்பரம்

பதில்: அம்மா, முதல் காரியமாக, ஃபியூஸில் கை வைக்க வேண்டாம் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். 2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நம் மாநில வாடகைச் சட்டப்படி, தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த வீட்டுச் சொந்தக்காரருக்கு உரிமை இல்லை. பூட்டை உடைத்துச் சாமானை வெளியே வைத்தால் வழக்கு உங்கள் மேல்தான் பாயும். மாடிக்குள் போய்ப் பார்க்க வேண்டுமென்றால்கூட 24 மணி நேரம் முன்னதாகச் சொல்லியாக வேண்டும்.

வழக்கு இருக்கிறது என்பதற்காக ஒருவரை வெளியேற்ற முடியாது. குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை. வெளியே எங்கோ செய்த தப்புக்கு வீட்டைப் பறிக்கவும் இந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் உங்கள் வீட்டையே சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்தினால் கதை வேறு. அதை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகும் தொடர்ந்தால், வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யும் உத்தரவு கேட்கலாம்.

அதனால் அந்த மாடிப்படி விஷயம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு, தன் இடத்தைத் தெரிந்தே இந்தத் தொழிலுக்கு விட்டவருக்கும் அந்தக் குற்றத்துக்கான தண்டனையையே வைத்திருக்கிறது. ‘தெரிந்தே’ என்ற சொல் முக்கியம். இதுநாள்வரை உங்களுக்குத் தெரியாது, சரி. இத்தனையும் பார்த்த பிறகு பேசாமல் இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வண்டி என்று கண்ணால் பார்த்ததை மட்டும் ஒரு நோட்டில் குறித்து, ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக மாடியில் போய்த் தேடவோ அந்த ஆட்களை நிறுத்திக் கேட்கவோ வேண்டாம். மாடிப்படி பொது இடம் என்றால் அங்கே கேமரா வைப்பதில் தவறில்லை. அவர்கள் வாசலைப் பார்த்து வைக்காதீர்கள்.

ஒப்பந்தம் பற்றி நீங்கள் எழுதவில்லை. பதினொரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். உங்களுடையது பழைய பத்திரம் என்றால், நோட்டீஸ் அனுப்பும் முன் வக்கீலிடம் காட்டுங்கள். வாடகைதாரர் விவரம் ஸ்டேஷனில் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். 2012-ல் வேளச்சேரி வாடகை வீட்டில் வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்ற பிறகு, சென்னைப் பக்கம் இதை அழுத்தமாகவே கேட்கிறார்கள்.

அப்புறம், அந்தப் பெண். கணவர் மேல் வழக்கு வந்ததற்கு அவரும் பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்று நீங்கள் நினைப்பது நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். அவர் தனியாக இருக்கும்போது பேசிப் பாருங்கள். நோட்டீஸையும் கோர்ட்டையும்விட இது பல நேரம் சீக்கிரம் முடியும். பள்ளி ஆண்டு முடியும்வரை இருக்கட்டும், அதுவரை ராத்திரி ஆள் நடமாட்டம் கூடாது, சாவி கொடுக்கும் அன்றே அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன் என்று பேசி முடித்தால் அதை எழுதி, கணவன் மனைவி இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அதற்காகப் போலீஸ் புகாரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வாடகை வாங்கும்போதெல்லாம் ரசீதும் கொடுங்கள்.